ஹிஞ்சேவாடியில் தனிக்குடித்தனம் தொடங்கும் பிள்ளைகளுக்கு

வேலைக் கடிதத்தோடு வந்து இறங்குகிற தமிழ்ப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "ஆன்ட்டி, இங்க எத்தனை வருஷம் ஓட்டணும்? சென்னைக்கு மாத்தல் எப்போ கிடைக்கும்?" புனேயை ஒட்டிய ஹிஞ்சேவாடியின் ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் பல காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போதும் பக்கத்து வாகடிலேயே குடியிருப்பவள் நான். அந்தக் கேள்வியோடு வந்தவர்களின் வீடுகளுக்குப் போயிருக்கிறேன். தரையில் மெத்தை, பாதி பிரித்த சூட்கேஸ், ஜன்னலில் திரைக்குப் பதில் ஒரு துண்டு. தற்காலிகம்தானே என்று சொல்லியே மூன்று நான்கு வருஷம் போயிருக்கும். இருபதுகளில் போகிற அந்த வருஷங்களை ரயில்வே வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி கழித்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. மாற்றல் வரும்போது வரட்டும். அதுவரை இதுதான் உன் ஊர் என்று நினைத்துக் குடியிரு. அதற்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வாயால் சொன்னதை இங்கே எழுதித் தருகிறேன்.

1. வீட்டை அலுவலகத்துக்குப் பக்கத்தில் பிடி. முடிந்தால் நடந்து போகிற தூரத்தில். பூங்கா மூன்று கட்டமாக, சிவாஜி சௌக்கில் தொடங்கி மான் கிராமம்வரை நீண்டு கிடக்கிறது. அலுவலகம் மூன்றாம் கட்டத்தில் இருக்க, வாகடில் வாடகை சௌகரியமாக இருக்கிறதே என்று போனால், வாகட் பாலமும் பூம்கர் சௌக்கும் உன் சாயங்காலங்களை எடுத்துக்கொள்ளும். மழை நாளில் அந்தச் சில கிலோமீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று இங்கே யாரும் வாக்குக் கொடுக்க மாட்டார்கள். தனியாக இருப்பவருக்குச் சாயங்காலம் பெரிய சொத்து. சமைப்பதும், துணி காயப்போடுவதும், நாலு பேரிடம் பேசுவதும் அந்த நேரத்தில்தான். வாடகையில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, அந்த நேரத்தை வாங்கிக்கொள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் வேலை நாளில் காலை ஒன்பது மணிக்கும் மாலை ஆறரைக்கும் ஒருமுறை அந்தச் சாலையில் போய்வந்து பார். மெட்ரோ பக்கத்திலேயே இருக்கிறது என்று ப்ரோக்கர் சொல்வார். மானிலிருந்து சிவாஜிநகர்வரை 23 கிலோமீட்டர், 23 நிலையங்கள் கொண்ட அந்த வழித்தடத்துக்கு அடிக்கல் நாட்டியது 2018 டிசம்பரில். நீ வீடு பார்க்கிற நாளில் உன் நிலையத்தில் வண்டி நின்று ஆள் ஏற்றுகிறதா என்று உன் கண்ணால் பார்த்து முடிவு செய்.

2. வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் சாவி வாங்காதே. தமிழ்நாட்டில் பதினொரு மாத ஒப்பந்தம் என்றால் முத்திரைத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பீரோவில் வைத்துவிடுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. இங்கே சட்டம் வேறு. 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, பதினொரு மாதமானாலும் லீவ் அண்ட் லைசன்ஸ் என்கிற வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் ஆகியிருக்க வேண்டும். பதிவு செய்யவேண்டிய பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதிவு இல்லாமல் பின்னால் தகராறு வந்தால், என்ன நிபந்தனையில் குடிவந்தோம் என்று குடியிருப்பவர் சொல்வதையே, மறுத்து நிரூபிக்கப்படாதவரை, சட்டம் எடுத்துக்கொள்ளும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, மரியாதையாகவே கேள். ஏஜென்ட் கைரேகைக் கருவியோடு வீட்டுக்கே வருவார். ஆதாரை வைத்து ஆன்லைனிலேயே வேலை முடிந்துவிடும். முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம், ஏஜென்ட் கூலி மூன்றையும் யார் எவ்வளவு தருவது என்று முன்கூட்டியே பேசிவிடு. காவல் நிலையத்தில் குடியிருப்பவர் விவரம் கொடுப்பதும் இதோடு சேர்ந்த வேலைதான். பதிவான பத்திரத்தின் நகல் பிறகு வங்கிக்கு, எரிவாயு இணைப்புக்கு, ஆதார் முகவரி மாற்றத்துக்கு எல்லாம் கேட்கப்படும்.

சாவி வாங்கிய அன்றே, ஒரு சாமானும் உள்ளே போகுமுன், எல்லா அறைகளையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடு. சுவரில் ஈரம் பூத்த இடம், விரிசல் விட்ட டைல்ஸ், கதவில் கீறல் எல்லாம் தெளிவாகத் தெரியவேண்டும். காலி செய்யும்போது பெயின்டிங் செலவு என்று டெபாசிட்டில் பிடிப்பது இங்கே சகஜம். அது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று இப்போதே படித்துவிடு.

3. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வாட்ச்மேனிடம் கேள். வீட்டுக்காரரிடம் கேட்பதில் பயனில்லை, அவர் அங்கே குளிப்பதில்லை. ஹிஞ்சேவாடி, மான், மாருஞ்ஜி எல்லாம் கிராமப் பஞ்சாயத்துகளின் கீழ் வளர்ந்த ஊர்கள். கட்டடங்கள் எழும்பிய வேகத்தில் குழாய்கள் வரவில்லை. பல குடியிருப்புகள் கோடையில் டேங்கர் தண்ணீரை நம்பித்தான் ஓடுகின்றன. போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவம் கட்டும், துவைத்த துணி விறைக்கும். குடிக்கிற தண்ணீரை வடிகட்டியை நம்பி விட்டுவிடாதே, கொதிக்கவைத்தே குடி. 2025 ஜனவரியில் புனேயின் சிங்ககட் சாலைப் பக்கம் கீயான் பாரே என்ற நரம்பு நோய் கொத்தாகப் பரவி, வயதில் சின்னவர்கள்கூட வென்டிலேட்டரில் கிடந்தார்கள். அசுத்தத் தண்ணீர்மேல்தான் சந்தேகம் விழுந்தது. ஒரு பாத்திரம் தண்ணீரைக் கொதிக்கவிட ஆகும் நேரம் ஒன்றும் பெரிதில்லை.

4. முதல் சம்பளத்தில் கட்டிலும் ஜன்னல் திரையும் வாங்கு. டிவி அப்புறம். டிசம்பர் இரவுகளில் இங்கே தரை ஐஸாகச் சில்லிடும். தரைப் படுக்கையில் முதுகுவலியோடு எழுவாய்.

5. கேஸ் கீஸர் இருக்கிற குளியலறையில் ஜன்னலை மூடாதே. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தச் சாமான் பழக்கமில்லை. மகாராஷ்டிரத்தில் பல வீடுகளில் வெந்நீருக்கு மின்சார ஹீட்டர் இருக்காது. எரிவாயுவில் ஓடும் ஒரு சின்னப் பெட்டி சுவரில் மாட்டியிருக்கும். குழாயைத் திறந்ததும் உள்ளே தீ பிடிக்கும் சத்தம் கேட்கும், உடனே சூடான தண்ணீர் கொட்டும். காற்றோட்டம் இல்லாத சின்ன அறைக்குள் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலை லேசாகக் கிறுகிறுக்கும், கால் தளரும், அவ்வளவுதான். குளிருக்கு பயந்து ஜன்னலைச் சாத்திக் குளித்த இடத்திலேயே உயிர் போனவர்கள் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள். கூட ஆள் இருக்கும் வீட்டில் யாராவது கதவைத் தட்டுவார்கள். உன் வீட்டில் தட்ட ஆளில்லை. ஆகவே கீஸர் பெட்டி குளியலறைக்கு வெளியே, பால்கனியிலோ யுடிலிட்டியிலோ இருக்கிற வீடாகப் பார். உள்ளேதான் இருக்கிறது என்றால், பக்கெட்டில் வெந்நீர் பிடித்துக்கொண்டு கீஸரை அணைத்துவிட்டு, அதற்கப்புறம் கதவைச் சாத்திக் குளி.

6. வாரத்தில் நாலு நாளாவது வீட்டில் உலை வை. மீதி நாளுக்குச் சாப்பாட்டு டப்பா இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பெரிய பெண்கள், அதாவது மாவ்ஷிகள், வீட்டிலிருந்தே சமைத்து அனுப்பும் டப்பாவில் போளி, பாஜி (காய்), வரண் (பருப்பு), பாத் (சோறு) நாலும் இருக்கும். போளி என்று இங்கே சொல்வது நம்முடைய இனிப்புப் போளியை இல்லை, மெல்லிய கோதுமைச் சப்பாத்தியை. பருப்பிலும் காயிலும் கொஞ்சம் வெல்லம் விழுந்திருக்கும். முதல் வாரம் முகம் சுளிப்பாய், அப்புறம் பழகும். ஒரு மாதத்துக்கு முன்பணம் கட்டாமல் ஒரு வாரம் சாப்பிட்டுப் பார்த்துச் சேர். எண்ணெய் நெஞ்சைக் கரித்தால் மாற்றிவிடு.

சொந்தச் சமையலுக்கு ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர், ஒரு இரும்புத் தோசைக்கல், ஒரு தாளிப்புக் கரண்டி போதும். ஒருவருக்குச் சமைக்கும்போது அளவில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். அரை டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு: இரண்டு வேளைக்குச் சரியாக வரும். பருப்பை மஞ்சள்தூளும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டுக் குக்கரின் அடியில் வை, மேலே தட்டில் அரிசி. பாதிப் பருப்பு அன்றைக்கு சாம்பார், மீதிப் பாதி மறுநாள் ரசம். நாலு வகை செய்யத் தெரிய வேண்டாம். ரசமும் ஒரு பொரியலும் கை தவறாமல் வந்தால் இந்த ஊரில் எந்தக் காய்ச்சலையும் எந்த மோசமான திங்கட்கிழமையையும் கடந்துவிடலாம்.

அரிசி வாங்கும்போது கவனி. கடைக்காரர் இந்திராயணி அரிசியை எடுத்துக் கொடுப்பார். மாவள் பக்கத்துக் கிராமங்களில் விளைவது, வேகும்போதே வீடெல்லாம் மணக்கும். ஆனால் குழைந்து ஒட்டிக்கொள்ளும். சாம்பாருக்கு உதிரியாக வராது. அதைத் தயிர்சாதத்துக்கும் பொங்கலுக்கும் வைத்துக்கொள், அதைவிடப் பொருத்தமான அரிசி கிடையாது. அன்றாடச் சாப்பாட்டுக்கு சோனா மசூரி எல்லாக் கடையிலும் இருக்கும். இட்லி மாவு குளிர்காலத்தில் பொங்காது. ராத்திரி முழுக்க வைத்தாலும் காலையில் அப்படியே கிடக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கரைத்து, கம்பளியில் சுற்றி, அணைத்துவைத்த ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டுவிட்டு வை. காலையில் எழுந்திருக்கும்.

காய் வாங்க ஆப்பில் தட்டாமல் வாரம் ஒருநாள் சந்தைக்குப் போ. ஆட்டவடே பஜார் என்று சொல்வார்கள். விவசாயிகள் நேரே கொண்டுவந்து கொட்டுவது. குளிர்காலத்தில் வெந்தயக்கீரை கட்டுக் கட்டாக வரும். புரந்தர் பக்கத்துச் சீத்தாப்பழமும் அத்திப்பழமும் அவற்றின் பருவத்தில் கூடை கூடையாக வரும். கொத்தமல்லி வாங்கினால் கறிவேப்பிலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சின்ன வெங்காயம் மட்டும் தேட வேண்டியிருக்கும். ஒரே பாட்டியிடம் தொடர்ந்து வாங்கு. பிறகு ஒரு வாரம் தவறினால், "காய் ரே, ஆலா நாஹீஸ்?" என்று, ஏன் வரவில்லை என்று கேட்பாள். ஒரு டெலிவரி ஆப் அதைக் கேட்காது.

7. மராத்தி படி. அலுவலகத்தில் இந்தியும் ஆங்கிலமும் போதும் என்பது உண்மைதான். ஆனால் உன் வீட்டுக் குழாயைச் சரிசெய்பவர், லிஃப்ட் நின்றால் வந்து திறப்பவர், டேங்கர் ஓட்டுபவர், டப்பா மாவ்ஷி எல்லாரும் மராத்தியில் வாழ்பவர்கள். "பாணி ஆலே கா?" என்றால் தண்ணீர் வந்ததா. "கிதி ஜாலே?" என்றால் எவ்வளவு ஆச்சு. "ஹளூ போலா" என்றால் மெதுவாகப் பேசுங்கள். பெரிய பெண்களை மாவ்ஷி என்றும், வயதானவரைக் காகா என்றும், ஆட்டோக்காரரை தாதா என்றும் கூப்பிடு. எழுத்து தேவநாகரிதான், இந்தி படித்திருந்தால் கஷ்டமில்லை. தப்புத் தப்பாகப் பேசினாலும் கேட்பவர் முகம் மாறுவதைக் கவனி. நம் ஊரில் ஒரு வடநாட்டுப் பிள்ளை "அண்ணா, தண்ணி வேணும்" என்று கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அதேதான் அவர்களுக்கும்.

8. நீ இரண்டு நாள் கதவைத் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியும்? இந்தக் கேள்விக்கு மூன்று பெயர்களாவது பதில் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் வேறெதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய். ஒன்று, அதே மாடியில் ஒரு வீடு. குடிவந்த வாரமே ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு போய்ப் பெயரையும் எங்கே வேலை என்பதையும் சொல்லிவிட்டு வா. உன் மாற்றுச் சாவி ஒன்று நம்பிக்கையான அந்த வீட்டிலோ, பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் நண்பரிடமோ இருக்கட்டும். இரண்டு, தினம் உன்னைப் பார்க்கும் ஒருவர்: வாட்ச்மேன், பால் போடுபவர், டப்பா மாவ்ஷி யாரானாலும் சரி. அவர்கள் பெயரைத் தெரிந்துகொள், ஊருக்குப் போகும்போது எத்தனை நாள் என்று சொல்லிவிட்டுப் போ. மூன்று, அலுவலகத்தில் உன் வீட்டு முகவரியும் உன் அப்பாவோ அண்ணனோ ஒருவருடைய எண்ணும் தெரிந்த ஒரு தோழி அல்லது தோழன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நாட்களில் இது இரண்டு மடங்கு முக்கியம். கணினித் திரையில் பச்சைப் புள்ளி எரிவதை வைத்து நீ நன்றாக இருக்கிறாய் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள்.

பல பிள்ளைகள் "நான் யார் வம்புக்கும் போறதில்ல ஆன்ட்டி, நான் உண்டு என் வேலை உண்டுன்னு இருக்கேன்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நல்ல குணம்தான். ஆனால் தனியாக வசிப்பவர் அக்கம்பக்கத்தை வேண்டாம் என்று ஒதுக்கமுடியாது. கூட்டுக்குடும்பத்தில் இருப்பவரைவிடத் தனியாக இருப்பவருக்குத்தான் அக்கம்பக்கம் அதிகம் தேவை.

9. காய்ச்சல் வந்தால் மூன்றாம் நாள்வரை பார்த்துக்கொண்டிராதே. மழை முடிகிற மாதங்களில் டெங்கு இங்கே வழக்கமாக வரும். பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடாதே. ஐபுப்ரோஃபனும் ஆஸ்பிரினும் டெங்குவில் ரத்தக்கசிவை அதிகமாக்கும். காய்ச்சல் இறங்கியதும் சரியாகிவிட்டது என்று நினைத்து அலுவலகம் கிளம்பிவிடுகிறார்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற அந்த ஓரிரு நாள்தான் ஆபத்தான நாள். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், எழுந்தால் மயக்கம் என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. 108 ஆம்புலன்ஸ் மகாராஷ்டிரத்திலும் உண்டு, போலீஸுக்கு 112. கம்பெனி கொடுத்த காப்பீட்டு அட்டையைப் போனில் படம் எடுத்து வைத்திரு. எந்த ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் சேர்த்துக்கொள்வார்கள் என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே பார்த்து வை. இந்த விவரத்தை எட்டாவதில் சொன்ன மூன்று பேரில் ஒருவருக்கு அனுப்பிவிடு. வீட்டில் அம்மாவிடம் மறைக்காதே. தூரத்தில் இருக்கிறார்கள், பயப்படுவார்கள் என்று மறைப்பாய். மறைத்தது தெரியும்போது அவர்கள் படுகிற வேதனை அதைவிடப் பெரிது.

10. ஆளில்லாத அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து வேலை செய்ய ஒத்துக்கொள்ளாதே, இரவு வண்டியிலும் தனியாகப் போகாதே. 2007 நவம்பரில் இதே புனேயில் இரவுப் பணிக்குக் கிளம்பிய ஒரு பெண்ணை, ஏற்றிச்செல்ல வந்த வண்டியின் ஓட்டுநரும் அவன் கூட்டாளியும் கொன்றார்கள். 2017 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்தப் பூங்காவுக்குள்ளேயே, தனியாக வேலைக்கு வந்திருந்த இருபதுகளில் இருந்த ஒரு கேரளப் பெண்ணைக் காவலாளி ஒருவன் கொன்றான். இரண்டு பேரும் செய்த தப்பு எதுவும் இல்லை; வேலைக்குத்தான் போனார்கள். ஞாயிறு ஷிப்ட் என்றால் கூட யார் வருகிறார்கள் என்று மெயிலில் எழுதிக் கேள். வண்டியில் முதலில் ஏறுவதோ கடைசியில் இறங்குவதோ பெண் என்றால் கூடவே பாதுகாவலர் வரவேண்டும் என்று கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. வண்டி எண்ணை ஏறும்போதே ஒருவருக்கு அனுப்பு. தம்பிகளுக்கும் ஒன்று சொல்கிறேன்: உன் டீமில் ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை தனியாக வரவேண்டியிருந்தால், நீ லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்து உன் வேலையைப் பார். அதற்கு யாரும் ஆர்டர் போடத் தேவையில்லை.

11. ஜூனிலிருந்து செப்டம்பர்வரை மழைக்காலம் என்பது சென்னையில் நமக்குத் தெரிந்த இரண்டு நாள் கொட்டித் தீர்க்கிற மழை இல்லை. நாள் கணக்கில் தூறிக்கொண்டே இருக்கும், வெயில் முகம் காட்டாது. துணி காயாது, செருப்பில் பூஞ்சை பூக்கும், அலமாரிக்குள் வைத்த பெல்ட் பச்சையாகிவிடும். கெட்டி ஜீன்ஸை எடுத்து உள்ளே வை. சீக்கிரம் காயும் துணி, மழைக்கோட்டு, ரப்பர் செருப்பு மூன்றும் மே மாதமே வாங்கிவிடு. தொடர்ந்து வெளிச்சம் இல்லாத நாட்களில் மனசும் கனக்கும். காரணமே இல்லாமல் அழுகை வரும். அப்போது அறைக்குள் விளக்கை எல்லாம் போட்டுவிட்டு, வெளியே ஒரு நடை போய்விட்டு வா. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டுக் கிடந்தால் ஜலதோஷத்துக்கு டாக்டரைப் பார்ப்பதுபோலவே மனநல மருத்துவரைப் பார். அரசின் டெலிமானஸ் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

12. சனிக்கிழமை வீட்டைவிட்டுக் கிளம்பு. சிஞ்ச்வடிலோ ஆகுர்டியிலோ லோனாவளா லோக்கல் ஏறினால் மளவலியில் இறங்கலாம். அங்கிருந்து லோஹகட் கோட்டைக்கு ஏறலாம், பாஜா குகைகளைப் பார்க்கலாம். சிவாஜி காலத்துக் கோட்டைகளை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, மொத்தம் பன்னிரண்டு. அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில், லோஹகட் அவற்றில் ஒன்று. பன்னிரண்டாவது எது தெரியுமா? நம் செஞ்சி. 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை அது. அவர் மகன் ராஜாராம் மொகலாயர்களிடமிருந்து தப்பி வந்து வருஷக்கணக்கில் அங்கிருந்துதான் ஆண்டார். இதை ஒரு மராத்திச் சிநேகிதனிடம் சொல்லிப் பார். "ஜிஞ்ஜியா உங்க ஊர்?" என்று கண் விரியக் கேட்பான். அப்புறம் நீ அவனுக்கு வெளியூர்க்காரன் இல்லை.

மழைக்காலத்தில் தண்ணீர்ப் பக்கம் மட்டும் இறங்காதே. 2024 ஜூன் கடைசியில் லோனாவளா பூஷி அணைக்குப் பின்னால் அருவியில் நின்றிருந்த ஒரே குடும்பத்தினர் ஐந்து பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். அடுத்த வருஷம் ஜூன் 15இல், தளேகாவ் பக்கம் குண்ட்மளாவில் இந்திராயணி ஆற்றுப் பழைய இரும்புப் பாலம் கூட்டத்தோடு விழுந்தது. இரண்டும் ஞாயிற்றுக்கிழமைகள்.

13. ஊர்த் திருவிழாவுக்குப் போ. கண்ணாடிக் கட்டடங்களுக்கு முன்னாலேயே இங்கே ஒரு கிராமம் இருந்தது, இன்னும் இருக்கிறது. அதன் தெய்வம் மாதோபா. அனுமன் ஜெயந்தி அன்று, சைத்ர மாதப் பௌர்ணமியில், பகாட் என்னும் மர வண்டியை ஹிஞ்சேவாடியிலிருந்து வாகட்வரை ஊரே கூடி இழுத்துப் போகும். முதுகில் கொக்கி குத்திக்கொண்டு அதில் ஒருவர் தொங்குவார். செடல் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது விளக்கம் வேண்டாத காட்சி. ஆடி மாதத்துக்குச் சற்று முன்னே தேஹுவிலிருந்து பக்திக் கவிஞர் துக்காராமின் பல்லக்கு பண்டரிபுரத்துக்குப் புறப்படும்போது சாலைகளை மூடுவார்கள். வண்டி ஓடவில்லையே என்று சலித்துக்கொள்ளாமல் அன்றைக்கு விடுப்புப் போட்டு ஓரமாகப் போய் நில். பல்லக்கோடு தாளம் தட்டிக்கொண்டு நடக்கும் முதியவர்களுக்குத் தண்ணீர் கொடு.

14. தமிழ் ஆட்களும் வேண்டும். தேஹு ரோட்டில் ராணுவக் கிடங்கு வேலைகளுக்கு வந்து தலைமுறையாகத் தங்கிவிட்ட குடும்பங்கள் இருக்கின்றன, அங்கே முருகன் கோயில் உண்டு. நகருக்குள் ராஸ்தா பேட்டில் பழைய தமிழ்க் குடும்பங்கள் உண்டு, வாழையிலைச் சாப்பாடும் கிடைக்கும். மாதம் ஒருமுறை போய்வா. ஆனால் வாரம் முழுக்கத் தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேரே ஒரே அறையில் உட்கார்ந்து இந்த ஊரைத் திட்டிக்கொண்டிருக்கிற வட்டத்தில் மாட்டிக்கொள்ளாதே. அந்தப் பேச்சுக்கு முடிவே இல்லை.

15. ஆறு மாத வாடகையும் சாப்பாடும் வங்கியில் தனியாகக் கிடக்கட்டும். ஆளைக் குறைக்கும் செய்தி வருகிற காலம் இது. அந்தப் பணம் இருந்தால் அடுத்த வேலையை நிதானமாகத் தேடலாம். பணத்தைப் போலவே வண்டியையும் முன்கூட்டியே யோசி: தமிழ்நாட்டு வண்டியைக் கொண்டுவந்தால், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே ஓட்ட மறுபதிவு வேண்டும். தடையில்லாச் சான்றை ஊரிலேயே வாங்கிக்கொண்டு வா.

16. வீட்டுக்குத் தினம் பேசு, ஆனால் "சாப்பிட்டாச்சு, தூங்கப்போறேன்" என்பதோடு முடிக்காதே. அன்றைக்கு நடந்த ஒன்றை முழுசாகச் சொல். சந்தைப் பாட்டி என்ன கேட்டாள், ரசம் எப்படி வந்தது. அவர்கள் கண்ணில் உன் ஊர் உருவாக வேண்டும். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் ஒரு வெறுமை வரும். அந்த நேரத்துக்கென்றே ஒரு வேலையை வைத்துக்கொள். வாரத் துணியை மடிப்பது, மாவு அரைப்பது, மைதானத்தில் பூப்பந்து, எதுவாக இருந்தாலும் கையும் உடம்பும் அசைகிற வேலையாக இருக்கட்டும்.

17. முதல் வருஷத்துக்குள் அப்பா அம்மாவை வரவழை. தீபாவளிக்கு ஊருக்குப் போகத்தான் எல்லாரும் டிக்கெட் தேடுவார்கள். அவர்கள் இங்கே வருவதற்கும் ஒரு டிக்கெட் போடு. 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கிறது, நாளைக் குறித்து வைத்துக்கொள். மும்பையிலிருந்து புனே வழியாகக் கோயம்புத்தூருக்கு தினசரி வண்டி இருக்கிறது, நாகர்கோவில் பக்கத்துக்கும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் வரச் சொல். மழையில் வேண்டாம், அம்மா காயாத துணியைப் பார்த்தே நொந்துபோவாள். வந்ததும் டப்பா மாவ்ஷியையும் பக்கத்து வீட்டையும் அறிமுகம் செய்து, எண்களை மாற்றிக்கொள்ளச் செய். மொழி தெரியாவிட்டாலும் இரண்டு அம்மாக்கள் சமையலறையில் நின்று பேசிக்கொள்வார்கள். அப்பாவுக்கு ஸ்வெட்டர் ஊரில் தேடவேண்டாம். குளிர்கால ஆரம்பத்தில் இங்கேயே சாலையோரத்தில் நல்ல கம்பளி மலிவாக விற்பார்கள், அவர் அளவை மட்டும் முன்பே கேட்டு வாங்கி வை.